கால் போதும், கையையும் வயிற்றையும் பழக்குங்கள்

வந்த கடிதம், சுருக்கமாக: "எனக்கு 41 வயது. திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. மூன்று வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்வருவேன், ஒரே நாளில் அதிகபட்சம் 120 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் சொன்னாரே என்று விண்ணப்பித்தேன், கான்சாஸில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் என்ற சரளைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் 100 மைல் பிரிவில் குலுக்கலில் இடம் கிடைத்துவிட்டது. இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. நம்ம ஏரியாவில் மேடும் இல்லை, சரளை ரோடும் இல்லை. 60 கிலோமீட்டர் தாண்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. 80 தாண்டினால் குமட்டுகிறது. காலையில் டீ, பிஸ்கட், அப்புறம் பழவேற்காட்டில் போய்த்தான் சாப்பாடு. என் அப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது. கடன் வாங்கி இரண்டு லட்சத்துக்கு கிராவல் சைக்கிள் வாங்கலாமா? என்னால் முடியுமா? வீட்டில் மனைவிக்கு இஷ்டமில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருப்பதில்லை என்பது அவள் வருத்தம்."

முடியும். ஒரே நாளில் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், எட்டாத தூரமில்லை, அதுவும் கையில் ஐந்து மாதம் இருக்கும்போது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், கால் வலிக்கிறது என்று எங்கேயும் இல்லை. விரல் மரத்துப்போகிறது, குமட்டுகிறது என்றுதான் இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட், சைக்கிள் ஓட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நீண்ட தூரம் போய்ப் பாதியில் இறங்கியவர்கள் என்னிடம் வந்து சொல்லும் காரணமும் பெரும்பாலும் இதேதான்: கை, வயிறு, உட்காரும் இடம், டயர். தொடை ஓய்ந்துபோய் இறங்கினேன் என்பவர் குறைவு. அதனால் இந்த ஐந்து மாதத்தை வேகம் கூட்டுவதில் கரைத்துவிடாதீர்கள், கையையும் வயிற்றையும் பழக்குவதில் போடுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அப்பா விஷயம். தகப்பனுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், மகனுக்கும் ஆபத்து கூடுதல் என்றுதான் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். அதனால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன்பே ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கும் டி.எம்.டி. இவ்வளவையும் முடித்துவிடுங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, இதய நோய்ப் பிரிவும் உண்டு. இதய மருத்துவரிடம் "பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து சைக்கிள் ஓட்டப்போகிறேன்" என்று அப்படியே சொல்லுங்கள், "கொஞ்சம் எக்சர்சைஸ் பண்றேன்" என்று மழுப்ப வேண்டாம். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும், ஓட்டும்போது நெஞ்சு இறுக்கினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, கண் இருட்டினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதில் மட்டும் என்னிடம் விட்டுக்கொடுத்தல் கிடையாது.

இனி நீங்கள் போகும் இடத்தைப் பார்ப்போம். அன்பவுண்ட் 2006-ல் எம்போரியா என்ற சின்ன ஊரில் 34 பேரோடு ஆரம்பித்தது, இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். சுற்றியிருக்கும் மேட்டுப் புல்வெளிக்கு ஃபிளின்ட் ஹில்ஸ் என்று பேர். மண்ணுக்குள் சிக்கிமுக்கிக் கல் நிறைந்திருப்பதால் அந்தக் காலத்தில் ஏர் இறங்கவில்லை, உழ முடியாமல் விட்டதால்தான் புல்வெளி தப்பித்தது. அந்தக் கல்தான் டயரின் பக்கச்சுவரைப் பிளேடு போட்ட மாதிரி கிழிக்கிறது. பெரிய மலை எதுவும் கிடையாது, ஆனால் சின்னச் சின்ன ஏற்றமும் இறக்கமும் கடைசிவரை ஓயாது. மரநிழல் அரிது, காற்று பலமாக அடிக்கும். குறிப்பிட்ட செக்பாயின்ட் தவிர வேறு எங்கும் வெளியாள் உதவி வாங்கக்கூடாது, ஆகவே தண்ணீர், சாப்பாடு, ரிப்பேர் சாமான் எல்லாம் உங்களோடுதான் வர வேண்டும். 200 மைல் பிரிவை 2024-ல் தொழில்முறை வீரர் லாக்லன் மார்ட்டன் 9 மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு ஜெயித்தார். நீங்கள் அதில் பாதித் தூரத்தை 10 முதல் 12 மணி நேரத்தில் முடித்தாலே எனக்குத் திருப்தி, அதை மனதில் வைத்துத்தான் மேலே எழுதுகிறேன்.

கைக்கு வருவோம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப்போகிறது என்றால் அது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டிப் பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும், தடவிப் பாருங்கள். அதை ஒட்டித்தான் அந்த நரம்பு ஒரு குறுகலான பாதையில் நுழைகிறது. ஹேண்டிலில் பாரத்தைப் போட்டு மணிக்கட்டைப் பின்னால் மடக்கி வைத்தால், ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் நேராக அங்கேதான் இறங்கும். இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவில் அழுத்திப் பிடியுங்கள், மனைவியை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நேராக இருந்து தாளைப் பிடித்துக்கொண்டால் நல்லது. பிடிப்பதற்காகக் கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கினாலோ, தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை மற்றக் கையைவிடக் குழிந்து தெரிந்தாலோ, சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போனது மறுநாள் காலையிலும் தீராமல் இருந்தாலும் அப்படித்தான்.

சோதனையில் தேறிவிட்டால் பெரும்பாலும் சைக்கிளில்தான் கோளாறு. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கைதான் அதைத் தாங்கும். ஒரு மட்டப்பலகை வைத்து சீட்டை நேராக்குங்கள். அடுத்து, ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தால் ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை ஓர் அளவு குட்டையாக்கலாம், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஹேண்டில் டேப்பை இரட்டையாகச் சுற்றுங்கள். அப்புறம் பழக்கம்: பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிடியை மாற்றுங்கள், முழங்கையை லேசாக மடக்கியே வைத்திருங்கள், சரளையில் போகும்போது பிடியைத் தளர்த்துங்கள். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரமும் கேட்காது, கையும் செத்துப்போகும். சக்கரம் தானாகக் கொஞ்சம் அலையும், அலையட்டும். பார்வை பத்து மீட்டர் முன்னால் இருந்தால் போதும், உடம்பு தானே பாதையைப் பிடித்துக்கொள்ளும். உதிரிக் கல் வளைவில் பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம், முழங்கையில் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்க், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பளு தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் செய்யுங்கள். இடுப்பும் முதுகும் உடம்பைத் தாங்க ஆரம்பித்தால் கையில் விழும் பாரம் குறையும்.

குமட்டலுக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டீ, பிஸ்கட், அப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் முழுச் சாப்பாடு, உடனே வெயிலில் திரும்பும் பயணம். வெயிலில் உழைக்கும்போது ரத்தம் தோலுக்கும் காலுக்கும் போய்விடும், வயிற்றுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அந்த நேரத்தில் சோறும் மீன் குழம்பும் உள்ளே போனால் அது என்ன செய்யும்? இனிமேல் கிளம்பி அரை மணி நேரத்துக்குள் முதல் வாய் போக வேண்டும், பசிக்கிறதோ இல்லையோ. முதலில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்துப் பத்து கிராமாகக் கூட்டி 60-க்கு வாருங்கள். வயிறும் பழக்கினால்தான் பழகும், பந்தய நாளில் திடீரென்று 60 கொடுத்தால் தூக்கி எறிந்துவிடும்.

விலை உயர்ந்த ஜெல் பாக்கெட் தேவையே இல்லை. 60-க்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு இதுதான் கணக்கு: 750 மில்லி பாட்டிலில் ஒன்பது டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, அரை எலுமிச்சம்பழம். சர்க்கரை சுமார் 45 கிராம் ஆயிற்று. சாதாரணச் சர்க்கரையில் குளுக்கோஸ் பாதி, ஃப்ரக்டோஸ் பாதி, இரண்டும் குடலில் வெவ்வேறு வழியாக ஏறும் என்பதால் வெறும் குளுக்கோஸ் பொடியைவிட இது அதிகம் உள்ளே போகும். கூட ஒரு மணிக்கு மூன்று பேரீச்சம்பழமோ பாதி வாழைப்பழமோ. கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், ஆகவே மெதுவாக ஓட்டும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மணி நேரம் போனால் இனிப்பு என்றாலே வாய் மறுக்கும், அதற்கு உப்பும் காரமுமாக ஏதாவது வேண்டும். பொடி தடவிய மினி இட்லியை ஃபாயிலில் சுற்றி முதுகுப் பையில் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை.

தண்ணீருக்கு ஒரு கணக்கு போடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டும் நாளில் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் துணி இல்லாமல் எடை பாருங்கள். எடையில் குறைந்தது ஒரு கிலோ, நடுவில் குடித்தது அரை லிட்டர் என்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்வை. குடிப்பது அந்த அளவைத் தாண்டக் கூடாது. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும். ரத்த அழுத்தம் அதிகம் என்று பரிசோதனையில் வந்தால் உப்பு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீண்ட ஓட்டத்தின்போது வலி மாத்திரை போடவே வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரை நேராகச் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடன் வாங்குவது பற்றி. நீங்கள் இப்போது ஓட்டும் சைக்கிளில் எவ்வளவு அகல டயர் நுழையும் என்று முதலில் அளந்து பாருங்கள். அங்கே 40 மில்லிமீட்டருக்குக் கீழே போட்டுக்கொண்டு போகாதீர்கள், இப்போது நிறையப் பேர் 45, 50 என்று போய்விட்டார்கள். நுழையாது என்றால் மச்சானிடம் அங்கேயே வாடகைக்கோ இரவலுக்கோ ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், உங்கள் சீட்டையும் பெடலையும் மட்டும் கழற்றி எடுத்துப்போங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அலுமினிய ஃப்ரேம் தாராளமாகப் போதும், மிச்சப்படும் பணத்தைப் பக்கச்சுவர் தடித்த நல்ல டயரில் போடுங்கள், ஏற்றத்துக்கு உதவும் சின்ன கியர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு லட்ச ரூபாய் கடனோடு ஒரு பந்தயத்துக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், தவணையின் பாரம் தூக்கத்தில்தான் வந்து விழும்.

டயரைக் கட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு போவதுதான் நம் ஊர்ப் பழக்கம். பங்க்சர் கடையில் அமுக்கிப் பார்த்து "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்போம். சரளையில் அது தப்பு. 70 கிலோ எடை உள்ளவர் 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயரில் 30 பி.எஸ்.ஐ. வாக்கில் ஆரம்பித்து, இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துத் தனக்கு எது சரி என்று பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் கைக்குப் போகும் அதிர்ச்சியும் குறையும், மரத்துப்போகிற பிரச்சினையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். ஓட்டையை அடைக்க ட்யூப்லெஸ்ஸுக்குள் ஊற்றும் சீலன்ட் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். ஓட்டையில் செருகும் பிளக், ஒரு ட்யூப், கிழிசலுக்கு உள்ளே வைக்கும் டயர் பூட், செயின் இணைப்பு, பம்ப், கியர் தொங்கும் ஹேங்கர் ஒன்று கூடுதலாக, இவ்வளவும் பையில் இருக்க வேண்டும். பின் டயரைக் கழற்றி ட்யூப் மாட்டுவதை வீட்டு வாசலில் பல தடவை செய்து பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு.

ஹேங்கரை நான் சும்மா சொல்லவில்லை. 2023-ல் பந்தயம் ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே சேறு பிடித்துக்கொண்டது, சக்கரமே சுற்றவில்லை, நிறையப் பேர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். விடாப்பிடியாக மிதித்தவர்களுக்கு, ஹேங்கரில் தொங்கிக் கியர் மாற்றும் டிரெய்லியர் முறிந்தது. சேறு வந்தால் இறங்கி, ஓரத்துப் புல்லில் நடந்துபோங்கள். வழித்துப்போட ஒரு சின்ன மரக்குச்சி போதும். இதைப் பழக நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், மழை பெய்த மறுநாள் பொன்னேரி பக்கம் ஏதாவது வயல்வெளிப் பாதையில் இறங்கினால் அதே பசை மண் உங்கள் சக்கரத்தில் ஏறும்.

சரளை ரோடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு நேர்ச் சாலையில் போகாமல் உள்ளூர்ச் சாலைகளில் திரும்புங்கள், தார் பெயர்ந்து ஜல்லி நிற்கும் ரோடு, ஏரிக்கரைச் செம்மண், வாய்க்கால் ஓரத்து வண்டித்தடம் எல்லாம் கிடைக்கும். தெருநாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பூண்டி என்று சுற்றினால் நீண்ட நாளுக்குப் போதுமான தூரம் ஆகிவிடும். மேட்டுக்கு விடியற்காலையில் மூலக்கடை மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள், உட்கார்ந்தபடி ஒரு தடவை, நின்றபடி ஒரு தடவை. நிஜ ஏற்றத்துக்கு மட்டும் ஒரு வார இறுதியில் ஏலகிரி போய்வாருங்கள், 14 கொண்டை ஊசி வளைவையும் ஒரே சீராக, பேச முடிகிற மூச்சில் ஏறிப் பழகினால் போதும். மற்ற நாட்களுக்கு நமக்குக் காற்று இருக்கிறது. மார்ச்சுக்குப் பிறகு மதியம் வாக்கில் கடல்காற்று எழும்பிவிடும், பழவேற்காட்டிலிருந்து தெற்கே திரும்பும்போது அது எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அடிக்கும், மலையில் ஏறுவதுபோல இங்கும் விடாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையைக் குனிந்து, கியரைக் குறைத்து, வேகமானியைப் பார்க்காமல் மிதியுங்கள். கடலோரம் போய்வந்த நாளில் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்பு விட்டுவைக்காது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையையும் மணலி கண்டெய்னர் ரூட்டையும் மட்டும் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். யார்டில் வேலை பார்க்கும் உங்களுக்கே தெரியும், டிரெய்லர் டிரைவருக்கு இடது பக்கத்தில் சைக்கிள் வருவது தெரியவே தெரியாது. பனிக்காலக் காலை நேரங்களில் அந்தப் பக்கத்துப் புகையும் தரையிலேயே தங்கும். மணலியில் காற்றுத்தரம் அளக்கும் நிலையம் இருக்கிறது, போனில் பார்த்துவிட்டு மோசமாக இருந்தால் அன்றைக்கு வீட்டில் ஸ்குவாட் போட்டுக்கொள்ளுங்கள்.

வாரக் கணக்கு இப்படி இருக்கட்டும்: வேலை நாளில் இரண்டு தடவை ஒரு மணி நேரம், அதில் ஒன்று மேம்பாலம், ஓய்வு நாளில் ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை நாலு மணி நேரத்தில் ஆரம்பித்து ஏழு, ஏழரை வரை கொண்டுபோங்கள், மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் பாதியாகக் குறையுங்கள். வேகம் என்பது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் ஓட்டக் கூடாது, தூங்குங்கள், தூக்கம் இல்லாத உடம்பில் பயிற்சி ஒட்டாது. மார்ச் வாக்கில் சென்னையில் நடக்கும் ப்ரெவே எனப்படும், நேர வரம்புள்ள 200 கிலோமீட்டர் நீண்ட தூர சைக்கிள் ஓட்டம் ஒன்றில் பதிந்துகொள்ளுங்கள். அது பந்தயமே இல்லை, 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் சரி, முந்திய பேர் பிந்திய பேர் கிடையாது. அன்றைக்கு உங்களுக்கு ஒரே வேலை, மணிக்கு 60 கிராம் கடைசிவரை உள்ளே போகிறதா, விரல் மரக்கிறதா என்று பார்ப்பது. கடைசி இரண்டு வாரம் நேரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். கான்சாஸ் நேரம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால், அதனால் ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அந்தச் சமயத்தில் அங்கே வெயில் இருக்கும்தான், ஆனால் ஏப்ரல், மே முழுக்கத் திருவொற்றியூரில் ஓட்டிவிட்டுப் போகும் உடம்புக்கு அது புதுசு இல்லை.

உங்கள் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓய்வு நாட்களில் நாலில் ஒன்று, அந்தக் குறைத்த வாரத்தினுடையது, சின்ன ஓட்டத்தை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு மீதி முழுக்க வீட்டுக்கு என்று இப்போதே தேதி போட்டுக் காலண்டரில் எழுதுங்கள். மற்ற நாட்களில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இதயப் பரிசோதனைக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள், டாக்டர் சொல்வதை அவர்களே நேரில் கேட்கட்டும், அவர்கள் பயத்தில் பாதி அப்பா விஷயமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

டி.எம்.டி. முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். கூடவே, நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது பக்கவாட்டில் எடுத்த ஒரு படம், ஒரு பெடல் முழுக்கக் கீழே இருக்கும்படி, இப்போதைய டயர் அளவு, தாள் சோதனையில் என்ன ஆயிற்று என்பது, இவற்றையும் அனுப்புங்கள். ஸ்டெம் எந்த அளவு வாங்க வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை கடையில் எதுவும் வாங்க வேண்டாம்.